கண்ணீர்ப் பையில் சீழும் ஹோமியோபதி மருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் உடன் வருபவர்களுக்கும் சிகிச்சையை விளக்கிச் சொல்வது என் வேலை. "கண்ணீர்ப் பையில் சீழ் கட்டியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று மருத்துவர் சொன்ன கையோடு என் மேசைக்கு வருபவர்களில் பலர், நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்பது, "ஹோமியோபதியில் இதற்கு மருந்து இருக்கிறதாமே?" என்பதைத்தான். அதைத் தொட்டு வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் கண்ணை நேரில் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்றும் அல்ல.

"எனக்கு ஒரு கண்ணில் எப்போதும் தண்ணீர் வடிகிறது. இது சாதாரண நீர் வடிதலா, குழாயில் தொற்றா?"

கண்ணீர் சுரப்பது மேல் இமையின் வெளிப்பக்கத்தில் உள்ள சுரப்பியில். கண்ணை நனைத்துவிட்டு அது மூக்கை ஒட்டிய உள்முனைக்கு வருகிறது. அங்கே மேல் இமையிலும் கீழ் இமையிலும் ஊசிமுனை அளவில் ஒவ்வொரு துளை இருக்கிறது. கண்ணாடி முன் நின்று கீழ் இமையைச் சற்று வெளிப்பக்கம் இழுத்தால் நீங்களே பார்க்கலாம். அந்தத் துளைகள் வழியாக நீர் கண்ணீர்ப் பைக்குப் போய், பைக்குக் கீழே உள்ள குழாய் வழியாக மூக்கில் இறங்குகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான்.

நீர் வடிந்தாலே குழாய் அடைப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வாமை, உள்பக்கம் வளைந்த இமை முடி, தளர்ந்த இமை, ஏன், கண் வறட்சிகூட நீர் வடியச் செய்யும். பையில் தொற்று இருப்பதற்கான அடையாளம் வேறு. காலையில் இமை ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பீளை, பெரும்பாலும் ஒரே கண்ணில், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். மருத்துவர் கண்ணின் உள்முனைக்கும் மூக்கு எலும்புக்கும் நடுவே விரலால் மெதுவாக அழுத்துவார். அந்தச் சின்னத் துளையிலிருந்து மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கொழகொழவென்று திரவம் மேலேறி வந்து கண்ணில் பரவும். உடன் வந்த மகனோ மகளோ அதைப் பார்த்துத் திடுக்கிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இவ்வளவு நாளும் இதுவா உள்ளே இருந்தது என்று கேட்பார்கள்.

"இது மெட்ராஸ் ஐ இல்லையா? சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் போதாதா?"

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. கண் சிவக்கும், உறுத்தும், ஒரு கண்ணில் தொடங்கி மற்றதற்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். வழக்கமாக ஒன்றிரண்டு வாரங்களில் தணிந்துவிடும். நாள்பட்ட கண்ணீர்ப் பைத் தொற்றில் கண் அவ்வளவாகச் சிவக்காது, பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாது, தானாகப் போகவும் போகாது. மூன்று வாரம் தாண்டியும் ஒரே கண்ணில் பீளை வந்தால் மருந்துக் கடையை விட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

"குழாய் ஏன் அடைக்கிறது? எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வந்திருக்கிறதே?"

நடு வயது தாண்டிய பெண்களுக்குத்தான் இது அதிகம். குழாய் ஓடும் எலும்புப் பாதை அவர்களுக்குச் சற்றுக் குறுகலாக இருப்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பலருக்குக் குழாயின் உட்சவ்வு மெல்ல மெல்லத் தடித்துச் சுருங்கி அடைத்துவிடுகிறது. இன்ன காரணம் என்று கை காட்ட முடியாது. மூக்கில் அடிபட்டது, மூக்கில் சதை வளர்ச்சி, பைக்குள் கல் சேர்வது, காசநோய் ஆகியவையும் காரணமாகலாம். குளம் குட்டையில் குளிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற தொற்று மூக்கிலும் கண்ணீர்ப் பையிலும் வருவது தென்னிந்தியாவில் தெரிந்த விஷயம்.

கண்ணீரில் ரத்தம் கலந்து வந்தாலோ, கண்ணின் உள்முனைக்கு மேலே கெட்டியான வீக்கம் தெரிந்தாலோ கட்டி இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். அரிதுதான், ஆனாலும் தள்ளிப்போடக் கூடாதது.

"சொட்டு மருந்து விட்டால் நன்றாக இருக்கிறது. நிறுத்தினால் திரும்பவும் வருகிறது. மருந்து சரியில்லையா?"

மருந்தில் குறை இல்லை. சமையலறைத் தொட்டியின் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டால், தேங்கிய தண்ணீரில் என்ன ஊற்றினாலும் நாற்றம் இரண்டு நாள் அடங்கும், பிறகு திரும்பும். அடைப்பை எடுக்கும்வரை அதுதான் கதி. பையில் தேங்கும் நீரில் கிருமி வளர்கிறது. ஆன்டிபயாடிக் கிருமியைக் குறைக்கிறது. வழி அடைத்தே இருப்பதால் நீர் மீண்டும் தேங்குகிறது.

இந்தப் பக்கத்தில் வரும் மற்ற பதில்கள் பலவும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கின்றன. ஆகவே இதை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"ஹோமியோபதியில் இதற்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்?"

ஹோமியோபதியை உருவாக்கியவர் சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மன் மருத்துவர். 1796இல் தன் கருத்தை முதலில் எழுதினார், 1810இல் அதை நூலாக விரித்தார். ஆரோக்கியமானவரிடம் ஒரு நோயின் குறிகளை எழுப்பும் பொருளே, மிகச் சிறிய அளவில், அந்த நோயைத் தீர்க்கும் என்பது அந்த முறையின் அடிப்படை. அதனால் நோயின் பெயரைப் பார்த்து மருந்து தர மாட்டார்கள். உங்களுக்குத் தாகம் எப்படி, குளிர் ஒத்துக்கொள்ளுமா, எளிதில் அழுகை வருமா என்றெல்லாம் விரிவாகக் கேட்பார்கள்.

கண்ணீர்ப் பைத் தொந்தரவுக்கு சிலிசியா, பல்சட்டில்லா, புளோரிக் ஆசிட், ஹீப்பர் சல்ப், நேட்ரம் மூர், யூப்ரேசியா போன்ற பெயர்களை நோயாளிகள் கொண்டுவரும் சீட்டுகளில் பார்க்கிறேன். வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளில் மருந்தைச் சில துளிகள் விட்டுத் தருவார்கள்.

"அந்த உருண்டை அடைப்பைத் திறக்குமா, திறக்காதா? நேராகச் சொல்லுங்கள்."

திறக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. எலும்புப் பாதைக்குள் தடித்துச் சுருங்கி ஒட்டிப்போன குழாயை எந்த உருண்டையும் விரித்துவிடாது. ஆன்டிபயாடிக்காலும் அது முடியாது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே இது ஆங்கில மருந்துக்கும் ஹோமியோபதிக்கும் நடக்கும் போட்டி அல்ல. வாயில் போடும் மருந்து எதுவும் எட்டாத இடத்தில் இருக்கிறது கோளாறு.

மருந்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். சீட்டில் 30 என்று எழுதியிருந்தால், ஒரு பங்கு மருந்தை 99 பங்கு சாராயத்திலோ நீரிலோ கலந்து குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படி 30 முறை செய்தது என்று பொருள். 12 முறை தாண்டும்போதே தொடக்கத்தில் போட்ட பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சியிருப்பது ஐயம். இப்படிக் கலந்து குலுக்கக் குலுக்க வீரியம் கூடுகிறது என்று ஹோமியோபதி சொல்கிறது. வேதியியல் அதை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் பல நோய்கள் குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஹோமியோபதி பலன் தருவதாக நம்பகமான சான்று உள்ள நோய் எதுவும் இல்லை என்று 2015இல் அறிவித்தது.

இந்தப் பதிலைக் கேட்டுச் சிலர் முகம் வாடிவிடும். ஆபரேஷன் பயம் எவ்வளவு பெரியது என்று தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அதற்காக இல்லாததை இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியாது.

"எங்கள் மாம்பலம் மாமிக்கு உருண்டையிலேயே சரியாகிவிட்டதாம். அது பொய்யா?"

பொய் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்டது உண்மையாக இருக்கலாம். காரணம் வேறாக இருக்கலாம். நீர் வடிதல் எல்லாமே அடைப்பு இல்லை என்று முதல் பதிலிலேயே சொன்னேன். அவருக்கு இருந்தது ஒவ்வாமையாக இருந்தால் பருவம் மாறியதும் தானே நின்றிருக்கும். குழாய் முழுதாக அடைக்காமல் பாதி அடைத்திருந்தால், சளி பிடிக்கும்போது மோசமாகி, சளி விட்டதும் குறையும். நாள்பட்ட தொற்றும் ஏறி இறங்கி வருவதுதான். மிக மோசமாக இருக்கும் நாளில்தானே நாம் புது மருத்துவரைத் தேடிப் போகிறோம்? அதற்குப் பிறகு குறைவது இயல்பு.

மாமியிடம் ஒன்று கேளுங்கள்: குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்களா? மழுங்கிய நுனி உள்ள மெல்லிய ஊசியைத் துளையில் வைத்து உப்பு நீரைச் செலுத்துவார்கள். வழி திறந்திருந்தால் நீர் தொண்டைக்கு இறங்கி உப்புக் கரிக்கும். அடைத்திருந்தால் மற்றத் துளை வழியாகத் திரும்பி வரும். இரண்டு நிமிட வேலை. மருந்துக்கு முன்னும் பின்னும் இதைச் செய்து பார்க்காமல் "அடைப்பு திறந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

"பேரனுக்கு ஐந்து மாதம். பிறந்ததிலிருந்து கண்ணில் பீளை. ஹோமியோபதி கொடுத்தால் போய்விடும் என்கிறார்கள்."

போய்விடும்தான். கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் போய்விடும். குழாய் மூக்கில் திறக்கும் இடத்தில் ஒரு மெல்லிய சவ்வு சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது திறக்காமல் இருக்கும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள் அது தானே திறந்துகொள்கிறது. அந்த மாதங்களில் எதைக் கொடுத்தாலும் பேர் அதற்குப் போய்ச் சேரும்.

செய்ய வேண்டியது மசாஜ். கையைக் கழுவி, நகத்தை வெட்டி, சுண்டுவிரலையோ ஆள்காட்டி விரலையோ கண்ணின் உள்முனையில் வைத்துச் சற்று அழுத்தியபடியே மூக்கின் பக்கமாகக் கீழே இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று நான்கு தடவை. முதல் முறை மருத்துவரிடமே செய்துகாட்டச் சொல்லுங்கள். பலரும் தோலை மட்டும் வருடுகிறார்கள், அழுத்தம் உள்ளே போவதில்லை. ஒரு வயதுக்குப் பிறகும் இருந்தால் மெல்லிய கம்பியால் சவ்வைத் திறந்துவிடுவார்கள். கண்மை வேண்டாம்.

பிறந்த சில நாட்களிலேயே கண்ணோரம் நீலம் பாரித்த வீக்கம், கண்ணோரம் சிவந்து வீங்கிக் காய்ச்சல், வெளிச்சத்தைக் கண்டால் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொள்வது, கருவிழி வழக்கத்தைவிடப் பெரிதாகவோ மங்கலாகவோ தெரிவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடைசி இரண்டும் பிறவிக் கண்ணழுத்த நோயின் அறிகுறிகள். அதிலும் நீர் வடியும் என்பதால்தான் குழாய் அடைப்பு என்று ஏமாந்துவிடுகிறார்கள்.

"பக்க விளைவு இல்லாத மருந்துதானே? ஆறு மாதம் முயன்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?"

உருண்டையால் நஷ்டம் குறைவு. காத்திருக்கும் ஆறு மாதத்தில்தான் அபாயம். பையில் சீழ் இருக்கும்வரை அது கண்ணுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. கருவிழியில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும். பைக்கில் போகும்போது தூசி, குழந்தையின் நகம், எதுவாகவும் இருக்கலாம். காத்திருந்த கிருமி அதில் ஏறிக் கருவிழிப் புண்ணாகிவிடும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும், பார்வை மறைக்கும். இன்னொன்று, நாள்பட்டது திடீரென்று தீவிரமாகி மூக்கோரம் வீங்கிச் சீழ்க் கட்டியாவது. அது உடைந்து தோலில் நிரந்தர ஓட்டையாகிக் கண்ணீர் அதன் வழியே வடிந்தவர்களும் உண்டு. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும்.

"உருண்டை சாப்பிட ஆரம்பித்த பிறகு கண்ணோரம் சிவந்து வீங்கிவிட்டது. நோய் வெளியே வருகிறது, பொறுத்திருங்கள் என்கிறார்கள். பொறுக்கலாமா?"

பொறுக்கக் கூடாது. மருந்து பிடிக்கும்போது நோய் முதலில் சற்றுக் கூடிப் பிறகு குறையும் என்பது ஹோமியோபதியில் உள்ள கருத்து. கண்ணீர்ப் பை விஷயத்தில் அந்தக் கருத்தை நம்பி உட்கார்ந்திருப்பதைப் போல ஆபத்து வேறில்லை. தொட்டால் உயிர் போகும் வலி, சிவப்பு, சூடு, காய்ச்சல் என்றால் தொற்று தீவிரமாகிவிட்டது என்று அர்த்தம். ஆன்டிபயாடிக் உடனே தேவை. சில நேரம் சீழை வெளியேற்ற வேண்டியும் வரும். வீட்டில் அழுத்திப் பிதுக்காதீர்கள்.

பார்வை மங்குவது, பொருள் இரண்டாகத் தெரிவது, கண் முன்னே தள்ளுவது, கண்ணை அசைக்க வலிப்பது: தொற்று கண்குழிக்குள் போயிருக்கலாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

"ஹோமியோபதிக் கண் சொட்டு, நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால் இவற்றில் எதையாவது கண்ணில் விடலாமா?"

வேண்டாம். வாயில் போடும் உருண்டைக்கும் கண்ணில் விடும் சொட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கண்ணில் படுவது கிருமி நீக்கியதாக இருந்தே ஆக வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் ஒப்புதல் பெறாத கண் மருந்துகளுக்காகப் பல நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது; ஹோமியோபதி என்று விற்கப்பட்டவையும் அவற்றில் இருந்தன. பூச்சாறும் தாய்ப்பாலும் அன்போடு விடுவதுதான், ஆனால் ஏற்கெனவே சீழ் இருக்கும் இடத்தில் இன்னும் கிருமியைச் சேர்க்கிறோம்.

"இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா? ஹோமியோபதி மருத்துவர் காபி கூடாது, ஆன்டிபயாடிக்கும் கூடாது என்கிறார்."

உருண்டை சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. காபியை விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். ஆன்டிபயாடிக்கையும் சர்க்கரை நோய்க்கான மாத்திரையையும் நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். ஹோமியோபதி எடுப்பதைக் கண் மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். திட்டுவார் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். நீங்கள் என்ன எடுக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான், வீக்கம் குறைந்ததற்கும் கூடியதற்கும் அவரால் சரியான காரணம் காண முடியும்.

"புரை ஆபரேஷனுக்குப் போனால், 'டக்ட்' அடைத்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புரைக்கும் மூக்குக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?"

நேரடியான சம்பந்தம் இருக்கிறது. புரை எடுக்கும்போது கண்ணைத் திறக்கிறார்கள். பக்கத்துப் பையிலிருந்து சீழ் உள்ளே போனால் கண்ணே பறிபோகலாம். திருப்பி அனுப்பியவர்கள் உங்கள் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்கள். முதலில் பை, அது ஆறிய பிறகு புரை.

"ஆபரேஷனில் என்னதான் செய்வார்கள்? முகத்தில் தழும்பு விழுமா?"

டி.சி.ஆர். என்று சொல்வார்கள். அடைத்த குழாயைத் தோண்டுவதில்லை. பைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய எலும்பில் ஒரு சாளரம் திறந்து நேர்வழி போட்டுவிடுகிறார்கள். இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904இல் விவரித்த முறை. மூக்கின் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர், அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கீறுவார்கள். தழும்பு பலருக்கு மூக்குக்கண்ணாடி மறைக்கும் அளவுக்கு மங்கிவிடும். எண்டோஸ்கோப் வைத்து மூக்குக்குள்ளேயே செய்தால் வெளியே கீறலே இல்லை. இரண்டிலுமே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது.

சில நாள் மூக்கில் லேசாக ரத்தம் கசியும். சில வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. சிலருக்கு மெல்லிய சிலிகான் குழாய் வைத்துப் பிறகு எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

"அம்மாவுக்கு எண்பது வயது. இதய நோய் வேறு. பெரிய ஆபரேஷன் தாங்க மாட்டார்."

பையை மட்டும் எடுத்துவிடும் சிறிய ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. மரத்துப்போகும் ஊசியிலேயே முடித்துவிடலாம். நீர் வடிவது தொடரும், ஆனால் சீழும் அதனால் வரும் அபாயமும் போய்விடும். வயதானவர்களுக்குக் கண் கொஞ்சம் உலர்வாகவே இருப்பதால் நீர் வடிதல் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. "இன்னொரு வழி இருக்கிறது" என்று தெரிந்ததும் முதியவர்கள் பலர் உருண்டைப் பேச்சை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் பயந்தது பெரிய ஆபரேஷனுக்குத்தான்.

"செலவுக்குப் பயந்துதான் ஹோமியோபதிக்குப் போனோம். சென்னையில் எங்கே போவது?"

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. காலையிலேயே புறநோயாளிச் சீட்டு வாங்கிவிடுங்கள். பழைய சீட்டுகள், சர்க்கரைப் பரிசோதனை முடிவு, ஆதார், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். தனியார் மருத்துவமனை என்றாலும் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டுத் தேதி வாங்குங்கள்.

"இவ்வளவு சொல்லியும் அப்பா ஹோமியோபதி மருத்துவரிடம்தான் போவேன் என்கிறார். நான் என்ன செய்வது?"

சண்டை போடாதீர்கள், கூடவே போங்கள். அந்த மருத்துவர் மாநில ஹோமியோபதி மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அப்பா எதிரிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்த முடிவைப் பார்த்தீர்களா? எத்தனை நாளில் என்ன மாற்றம் தெரிய வேண்டும்? அது தெரியாவிட்டால் கண் மருத்துவரிடம் அனுப்புவீர்களா? பொறுப்புள்ள ஹோமியோபதி மருத்துவர்கள், "இது அடைப்பு, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்" என்று எழுதித் திருப்பி அனுப்பிய சீட்டுகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவர் வாயாலேயே அது வந்தால் அப்பா கேட்பார்.

தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன கெடு முடிந்த மறுநாளைக்கே கண் மருத்துவரிடம் நேரம் வாங்கிவையுங்கள். அதுவரை தினமும் காலையில் கண்ணோரத்தைப் பாருங்கள். சிவப்போ வீக்கமோ தெரிந்தால் கெடுவுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே அழைத்துவாருங்கள்.